எங்கள் தாமானுக்கு மூன்று நிமிடம்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், உலு திராமில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேரை வீங்கிய கன்னத்தோடு பார்த்தவள். அந்தத் தகுதி போதும் என்று நினைத்துத்தான், நூலகத்தில் குறும்படப் பயிற்சி நடக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

மூன்று நிமிடத்தில் உங்கள் வட்டாரத்தைக் காட்டுங்கள் என்பதுதான் தலைப்பு. வீடியோ எடுக்கக் கூடாது. நாமே எடுத்த புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மேலே குரல் கொடுக்க வேண்டும். எந்த மொழியிலும் பேசலாம். கீழே மலாய் எழுத்து ஓட வேண்டும். பயிற்சி கொடுத்தவர் நூலகத்தில் வேலை செய்யும் ஒரு மலாய்ப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். "படம் அசையலன்னா பார்க்குறவங்க கொஞ்சம் நின்னு பார்ப்பாங்க, கக்," என்று அக்கா முறை வைத்து மலாயில் சொன்னார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். புரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பேசியோடு கிளம்பினேன். கடைவரிசையில் முதலில் இருந்தது ஒரு இரும்புச் சாமான் கடை. நடைபாதை முழுக்க வாளி, துடைப்பம், ஏணி, சுருட்டிய குழாய் என்று சாமான்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கைப்பேசியை உயர்த்தியதும் கடை முதலாளியான சீனத் தவுக்கே வெளியே வந்தார்.

"மஜ்லிஸ்ல இருந்தா?"

"இல்ல, நூலகத்துக்கு."

அவர் நம்பவில்லை. அபராதம் போட நகராண்மைக்கழக ஆட்கள் வேறு வேறு பெயரில் வருவார்கள் என்பது அவர் அனுபவம் போலிருக்கிறது. நான் கோணம் பார்த்து முடிப்பதற்குள் வாளிகள் உள்ளே போயின, ஏணிகள் போயின, பக்கத்துக் கடைக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது பளபளவென்று ஒரு காலி நடைபாதை.

நாசி லெமாக் சோறு விற்கும் மலாய் அம்மா, எங்களுக்கு மக்சிக், கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் தலையில் புதுத் தூடோங் கட்டிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் கடை முன்னால் நின்றார். கோயில் தலைவர், சாயம் அடித்து முடித்த பிறகு வரச் சொன்னார். என்னை ஒன்றும் கேட்காமல் படம் எடுக்கவிட்டது எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் மட்டும்தான்.

இந்தப் படங்களுக்கு ஏற்ற உரையை நானே எழுதினேன். 'பசுமையும் வளர்ச்சியும் கைகோத்து நடக்கும் எங்கள் ஊர்' என்று தொடங்கும். இரண்டு முறை வாசித்துப் பார்த்ததில் எனக்கே கண் கலங்கியது. என் குரலிலேயே பதிந்து கொண்டுபோனதை நூலகப் பெண் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, கக். வீடு விக்கிற விளம்பரம் மாதிரி இருக்கு. விலை மட்டும்தான் சொல்லல."

பிறகு, வேறு குரல் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம் என்றார். நான் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். குறை என் குரலில் என்று முடிவாகிவிட்டது.

என் கணவருக்கு நல்ல குரல். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும். வழியை மறித்து நிற்கும் சிவப்புக் காரை எடுக்கச் சொல்லி அவர் அறிவித்தால், அருள்வாக்கு வந்ததுபோல் கூட்டம் ஒரு கணம் அமைதியாகும். மற்றபடி ஊருக்கு அவரைத் தெரியாது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கஸ்டம் சோதனை வரிசையில் நின்று, பாலம் தாண்டிப் போவார். இருட்டிய பிறகு திரும்புவார். பல வருஷமாக இப்படித்தான். சனிக்கிழமையும் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூக்கம். வீட்டு வரி, தண்ணீர் பில், ஓட்டு எல்லாம் இங்கே. பகல் மட்டும் அங்கே.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் அவரை எழுப்பிக் காரில் உட்கார வைத்தேன். கார் எங்கேயும் போகவில்லை. வீட்டு முன்னால் நின்றபடி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தால் சத்தம் வராது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஏர்கான் போட்டால் அதன் இரைச்சல் விழும். வியர்த்து ஒழுக உட்கார்ந்தோம். நான் டேப்லெட்டில் படத்தைக் காட்ட, அவர் என் உரையைப் படிக்க வேண்டும்.

முதல் வாக்கியம் கம்பீரமாக வந்தது. இரண்டாவது படத்தில் நிறுத்தினார்.

"இது எங்க?"

"காசு போட்டா மெஷின்லயே துணி துவைக்கிற டோபி கடை. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"நம்ம ரோட்டுக்கா? அங்க ரோட்டிச் சானாய் கடைதானே இருந்துச்சு?"

"அது மூடி எவ்ளோ நாளாச்சு. நீங்க படிங்க."

படித்தார். அடுத்தது பெரிய சாக்கடைக் கால்வாயின் படம். மறுபடியும் நின்றார்.

"இந்த லோங்காங் இவ்ளோ பெருசா?"

"எப்பவும் அவ்ளோதான்."

"ராத்திரி வரும்போது தண்ணிச் சத்தம் கேக்கும். சின்னதா இருக்கும்னு நெனைச்சேன்."

அப்படியே போனது. எந்த இடத்தில் ரோட்டில் குழி இருக்கிறது, எந்த வீட்டு நாய் மோட்டாரைத் துரத்தும், எந்த விளக்குக் கம்பம் எரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் இருப்பது பாலர் பள்ளி என்பது தெரியவில்லை. மரத்தின் படம் வந்தபோது டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இது நம்ம தாமான் வாசல்ல நிக்கிற மரமா?"

"ஆமா."

"மோட்டார் லைட்டுல அடிமரம் மட்டுந்தான் தெரியும். மேல இவ்ளோ இருக்குன்னு தெரியாது."

எதிர்வீட்டு அம்மா வேலிக்குப் பின்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார். நிற்கும் காரில் இரண்டு பேர் உர்ரென்று உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்களோ அதையே நினைத்திருப்பார். மறுநாள் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார்.

அன்று சாயங்காலம் சமைத்தபடி பதிவைக் கேட்டேன். இடையில் எங்கேயும் நான் பதிவை நிறுத்தவே இல்லை. அவர் படித்த என் உரை, சிவப்புக் காரை எடுக்கச் சொல்வதுபோல்தான் இருந்தது. நடுவில் அவர் கேட்ட கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். தாளிப்பு கருகியது. உரையை எடுத்துவிட்டுக் கேள்விகளை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கலை நோக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் புதன்கிழமைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரை இன்னொரு முறை அந்தக் காரில் உட்கார வைக்க என்னால் முடியாது.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"வேணாம். கேக்கறவங்க என்னா நெனைப்பாங்க? சொந்த தாமானே தெரியாத ஆளுன்னு சொல்ல மாட்டாங்க?"

"தெரியாதுதானேங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரியாதுதான். அத ஊருக்கே சொல்லணுமா?"

நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "என் மூஞ்சி மட்டும் படத்துல வரக்கூடாது," என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தார். அனுமதி அவ்வளவுதான்.

நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாப் படங்களையும் போட்டார்கள். இவர் அரைநாள் லீவு போட்டு வந்தார். சாவு வீடு தவிர வேறு எதற்கும் லீவு கேட்காத மனிதர், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் காலி நடைபாதை வந்து போய், டோபி வந்தது. "இது எங்க?" என்று அவர் குரல் கேட்டதும் கூட்டம் சிரித்தது. ரோட்டிச் சானாய்க்கும் சிரித்தது. லோங்காங்குக்கு இன்னும் பலமாகச் சிரித்தது. மரம் வந்து, அடிமரம் மட்டுந்தான் தெரியும் என்று அவர் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். ஆண்களில் சிலர் சிரிக்கவில்லை. மகளை மடியில் வைத்திருந்த ஒரு மலாய்க்காரர் தலையைக் குனிந்து அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

பரிசு கொடுக்க வந்த பிரமுகர் எங்கள் படத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். குடியிருப்பவர்களுக்கே அடையாளம் தெரியாத வேகத்தில் நம் பகுதி முன்னேறி வருவதை இப்படம் அழகாகச் சொல்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முதல் பரிசு, டிரோனில் மேலிருந்து எடுத்த செம்பனைத் தோட்டப் படங்களுக்குப் போனது. மேலிருந்து பார்த்தால் யாரும் எதையும் உள்ளே இழுத்துக்கொள்வதில்லை.

தேநீர் நேரத்தில் அந்த மலாய்க்காரர் மகளோடு வந்து, "பாங், அந்த டோபி எந்தப் பக்கம்?" என்று என் கணவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார். அவர் வேலை செய்வதும் சிங்கப்பூரில்தானாம். என் கணவர் காற்றில் கையால் ரோடு போட்டு, இடதுபக்கம் திரும்பி, நேராகப் போய் என்று மிகத் தெளிவாக வழி சொன்னார். அது முழுக்கத் தப்பு. அந்த வழியில் போனால் டயர் கடை வரும். ஆனால் இரண்டு பேரும் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டிலிருந்து ஒரு கரிப்பாப் எடுத்துக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஸ்கூடாயிலிருந்து ஒரு அம்மா பல்வலியோடு கிளினிக்குக்கு வந்தார். என் கணவரோடு வேலை செய்பவரின் மனைவி. கன்னத்தைப் பிடித்தபடியே பேசினார்.

"அண்ணன் தெனமும் கேன்டீன்ல அந்தப் படத்தப் போட்டுக் காட்டுறாராம்ல. உங்க ஏரியால ஆத்தோரமா நடைபாதை, கொக்கு, காடு மாதிரி மரம் எல்லாம் இருக்காமே. சாயங்காலமானா ரெண்டு பேரும் நடப்பீங்களாம். எங்க வீட்டுக்காரரு இங்கயே வீடு பாக்கலாங்கறாரு."

கண்ணாடிக்கு வெளியே லோங்காங் தெரிந்தது. அதில் கிடந்த பழைய டயர்மேல் ஒரு கொக்கு உண்மையாகவே நின்றுகொண்டிருந்தது.

"ஆமா, இருக்கு," என்றேன். பிறகு எந்தப் பக்கத்துப் பல் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.