குடிபூராத வீடு

எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்குப் பெயர் உண்டு. ஒரே தட்டில் இரண்டு பெட்டிகள், ஒன்றில் என் பெயர், மற்றதில் ஹெதர். ஹெதர் இந்த நிலக்கீழ் வீட்டில் என்னோடு வாடகைக்கு இருக்கும் கனடாக்காரப் பெண். நல்லவள். நான் காய்ச்சலில் கிடந்தால் சூப் வைத்துக் கொண்டுவந்து தருவாள். ஆனால் என் பாலைத் தொட மாட்டாள், தன் பாலையும் தொட விடமாட்டாள். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் எங்கள் வளவில் பால் முடிந்தால் வேலிக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டுவோம், அது நிறைந்து திரும்பி வரும். இங்கே வந்த புதிதில் இந்தப் பெயரெழுத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்போது நானும் எழுதுகிறேன். பேனை பெட்டிக்கு மேலேயே இருக்கிறது.

நான் இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பது குடும்பவியல். இந்த ஒற்றைச் சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வந்தாறுமூலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பஸ் இருக்க, கடல் கடந்துபோய்க் குடும்பத்தைப் படிக்கிறாளாம் என்று ஊரில் சிரிப்பு. சமையலும் தையலும் படிக்கிறேன் என்று பாதிப் பேர் முடிவுகட்டிவிட்டார்கள். ஸ்கார்பரோவில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர்கள் இன்னொரு விதம். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் எனக்குத்தான் முதல் அழைப்பு. தீர்த்து வைத்தால், “அப்ப, உன்ட கலியாணம் எப்ப?” என்று என்னிடமே திரும்புவார்கள். படித்து முடித்தால் என்ன வேலை என்று அம்மா கேட்டபோது பொறுமையாக விளங்கப்படுத்தினேன். ஆஸ்பத்திரியில் நோயாளிப் பிள்ளைகளின் தாய்தகப்பனுக்குத் துணை நிற்கலாம், பிரியப்போகிறவர்களுக்கு நடுவில் இருந்து பேசலாம், வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தில் வேலை செய்யலாம், அகதியாக வந்த குடும்பங்களைக் குடியமர்த்தலாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதெல்லாம் நாங்க சும்மா செய்யிற வேலைதானே கா. இதுக்குச் சம்பளமும் குடுப்பாங்களா?”

கொடுப்பார்கள் என்றேன். அம்மா நம்பவில்லை. வேலை தேடி அலையும் மூத்த மாணவர்களைப் பார்க்கும்போது சில நாள் எனக்கும் நம்பிக்கை வருவதில்லை.

வகுப்பிலும் நிம்மதி இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபின் பெற்றோர் தனித்துப்போவதைக் காலியான கூடு என்று ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கதை வேறு என்று கை தூக்கினேன். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். என் தம்பி மண்டூரில் அவன் மனைவியின் வீட்டில் இருக்கிறான். அப்பாவே பனிச்சங்கேணியிலிருந்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர்தான். எனக்கென்று அதே வளவில் புது வீடு கட்டியிருக்கிறார்கள். வட்டையில் விளைந்த நெல்லெல்லாம் அந்தச் சுவருக்குள்தான் போனது. நல்ல உயரமான அத்திவாரம், ஓட்டுக்கூரை, மூன்று அறை. நான் மாப்பிள்ளையோடு போய் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிக் குடிபூர வேண்டும். அதுவரைக்கும் அது பூட்டித்தான் கிடக்கும். அப்பாவும் அம்மாவும் பின்னால் தாழ்வான பழைய வீட்டில். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். விரிவுரையாளர் தலையாட்டிவிட்டு, “மிகவும் சுவாரசியம்” என்றார். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு, போதும் உட்கார் என்று அர்த்தம்.

பயிற்சிக்குப் போன இடத்தில் இதைவிட மோசம். முதியவர்களின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு நிலையம் அது. எனக்கு மேலே இருந்தவர் லிண்டா. மதியச் சாப்பாட்டின்போது ஊர் வீட்டைப் பற்றிக் கேட்டார், நானும் வாய் சும்மா இராமல் சொன்னேன். வீடு உன் பெயரிலா? ஆம். பூட்டியிருக்கிறதா? ஆம். வயதான பெற்றோர் பின்னால் இருக்கும் சின்ன வீட்டிலா? ஆம். திறப்பு யாரிடம்? அம்மாவிடம்தான், ஆனால் திறக்க மாட்டார்.  சாப்பாடு முடிந்தபின் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டு, மிகவும் மெல்லிய குரலில் பேசி, முதியோரைக் கைவிடுதல் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் தந்தார். தேவையென்றால் யாரோடும் பேசலாமாம், வெட்கப்பட வேண்டாமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அங்கேயே கிழித்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது வாசித்துப் பார்த்தேன். வாசித்தபின் கோபம் இன்னும் கூடியது, ஏனென்றால் ஒவ்வொரு மாரியிலும் அந்தப் பழைய வீட்டுக்குள் வெள்ளம் வருவது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முட்டு வருத்தம், ஈரம் பட்டால் மூச்சு எடுக்க மாட்டார். லிண்டாவுக்கு எங்கள் வழக்கம் விளங்கவில்லை, சரி. எனக்கு விளங்கி மட்டும் என்ன கிழிந்தது?

இந்த மாரியில் ஆறு நிரம்பி, வாவி ஏறி, வெள்ளம் வளவுக்குள் வந்துவிட்டது. இங்கே பின்னேரம் நான் வகுப்பு முடிந்து வந்து பையை வைக்கவும் அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அம்மா முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பின்னால் அப்பா கட்டிலின் மேல் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார், தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகின்றன. றோட்டை மூடிவிட்டார்களாம், தம்பியால் வர முடியாதாம். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் யன்னலூடாகப் புது வீடு தெரிகிறது. அதன் படிக்கட்டில் மேல் இரண்டு படி காய்ந்து கிடக்கிறது.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன்தான். வீட்டைத் திறந்து அப்பாவைக் கொண்டுபோங்கள் என்றேன். அம்மா அசையவில்லை. நீ குடிபூராத வீடு என்றார். வீடு யாருடையது என்று கேட்டேன். உன்னுடையது என்றார். அப்படியென்றால் நான் சொல்கிறேன், திறவுங்கள் என்றேன். அப்போது அம்மா கைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னார்:

“அடுப்பு மூட்டாத வீடு மகள். முதல் முதல் உள்ள கொண்டுபோய், அங்க வச்சு அப்பாவுக்கு ஒண்டு நடந்தா? பிறகு அந்த வீட்டில நீ எப்பிடிக் கா வாழுவாய்?”

இதற்கு என் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. அப்பா மூச்சுக்குத் தவிக்கிறார், அம்மாவோ நான் வாழவே போகாத வீட்டில் என் வாழ்வு கெட்டுவிடக்கூடாது என்று பயப்படுகிறார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூன்று வருடமாகக் குடும்பங்களோடு எப்படிப் பேசுவது என்று படித்ததெல்லாம் பறந்துபோய்விட்டது. ஒன்று மட்டும் தோன்றியது. இந்த அம்மாவோடு வழக்கத்தை எதிர்த்து வெல்ல முடியாது.

“அடுப்பு நான் மூட்டுறன். இஞ்ச, இப்பவே. பால் பொங்கினாத் துறப்பீங்களா?”

அம்மா யோசித்தார். மாப்பிள்ளை இல்லாமலா என்றார். அந்த நேரத்திலும் மாப்பிள்ளை! மாப்பிள்ளை பிறகு வருவார் என்றேன். வருவாரா என்று கேட்டார். பின்னாலிருந்து அப்பா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து, “காய்ச்சச் சொல்லு புள்ள” என்றார். அம்மா கொடியில் தொங்கிய சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை அவிழ்த்தார்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். என் பெயர் எழுதிய பெட்டியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. ஹெதரின் பெட்டி நிறைந்திருந்தது. இந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்குத் தெரியும். எடுத்து ஊற்றினேன். மின்சார அடுப்பு சூடேற எடுத்துக்கொண்ட நேரத்தில் அதை நான் திட்டாத திட்டு இல்லை. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அங்கே அம்மா தன் கைபேசியை அப்பாவின் கையில் கொடுத்து, அவரைத் தோளில் தாங்கித் தண்ணீருக்குள்ளால் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்ப் படியில் இருத்தினார். இரண்டு பேரும் என் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் நுரைத்து எழுந்து, பொங்கி, அடுப்பின் மேலும் நிலத்திலும் வழிந்தது. கருகிய புகைக்கு, கூரையிலிருந்த எச்சரிக்கை மணி வீடு அதிர அலறியது.

ஹெதர் அறையிலிருந்து ஓடிவந்தாள். அடுப்பைப் பார்த்தாள், காலியான தன் பெட்டியைப் பார்த்தாள், திரையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் என் அம்மாவைப் பார்த்தாள். என் வீட்டுக்குக் குடிபூருகிறேன் என்று எப்படியோ சொன்னேன். அவள் கூரையில் ஓடும் குழாய்களைப் பார்த்துவிட்டு, ஏளனமே இல்லாமல் கேட்டாள்:

“உனக்குச் சொந்த வீடு இருக்கிறதா? பிறகு ஏன் இங்கே இருக்கிறாய்?”

பதில் சொல்ல அம்மா விடவில்லை. பூட்டுத் திறந்த சத்தம் கேட்டது. அம்மா கைபேசியை அப்பாவிடமிருந்து வாங்கி வாசல்படிக்கு நேரே பிடித்திருந்தார். பெயின்ட் வாசமே போகாத வெறும் மண்டபம் திரையில் தெரிந்தது. அப்பாவின் முட்டு இழுக்கும் சத்தம் அந்தச் சுவர்களில் பட்டு எனக்குப் பெரிதாகக் கேட்டது.

“வலது காலை எடுத்து வை மகள்,” என்றார் அம்மா. “நீ வச்சாத்தான் அப்பா வருவார்.”

மணி அலறிக்கொண்டிருந்தது. ஹெதர் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வலது காலைத் தூக்கி முன்னால் வைத்தேன். சிந்திக் கிடந்த பாலில் என் காலுறை நனைந்தது. அங்கே அப்பா உள்ளே போய்விட்டார்.