மூடியிருந்த ஐஸ் பெட்டி

போன வருடம் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஏலத்தில் மீன் எடுத்து ஹோட்டல்களுக்கு அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், மீன் வைக்கும் பெரிய ஐஸ் பெட்டிகளைக் கழுவி முற்றத்தில் வரிசையாகக் காயவைப்பது என் வேலை. ஒவ்வொரு மூடிக்கும் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்போம். மூடினால் வாடை உள்ளேயே அடைந்துவிடும்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மொபைலில் வரும் ஒரு கார்ட்டூன் மேல் பைத்தியமாக இருந்தாள். அதில் ஒரு கரடிக்குட்டி தன் பொம்மைகளைக் குளிப்பாட்டும், சோறூட்டும், கிழிந்துபோனால் கட்டுப்போடும். எங்கள் தெரு அம்மாக்கள் எல்லாருக்கும் அந்தக் கரடி செல்லப்பிள்ளை. அதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் எதையும் வீசி எறிவதில்லை. எதிர் வீட்டுப் பையன் உடைந்த லாரிக்குத் தைலம் தேய்த்துவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் மகள் பொம்மைகளை எடுத்துவைக்க அவள் அப்பா ஒரு சின்ன தெர்மாகோல் மீன் பெட்டியைக் கொடுத்திருந்தார். எனக்கும் சௌகரியம்தான். கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு அடுப்படிப் பக்கமே வரமாட்டாள். ஒரு நாளாவது கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேனா என்றால், இல்லை.

அன்றும் போனைக் கையில் கொடுத்துவிட்டுக் குழம்பு கூட்டப் போனேன். திரும்பி வந்தபோது பாயில் போன் மட்டும் கிடந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், மொட்டை மாடியில் எங்கேயும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினேன்.

"ஏளா, வாசக்கதவு தொறந்துல்லா கிடக்கு!" என்று அவர் எழுந்து ஓடினார்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளையைக் காணோம் என்றால் கண் முதலில் கடலைத்தான் தேடும். அவளைக் கூப்பிட்டுக்கொண்டே, அந்தப் பெட்டிகளைத் தாண்டி நானும் கரைக்கு ஓடினேன். அங்கே ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில், தண்ணீரிலிருந்து பத்தடியில், அவளுடைய ரோஸ் நிறச் செருப்பில் ஒன்று கிடந்தது.

"ஏலே, பிள்ளை செருப்பு இங்கன கிடக்குலே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆண்கள் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து கைலியோடு தண்ணீரில் குதித்தார்கள். ஒவ்வொருவரும் முங்கி எழும்போது அவர் கையைத்தான் பார்த்தேன். வெறுங்கையாக இருந்தால் உயிர் வரும். அப்படியானால் பிள்ளை எங்கே என்று அடுத்த நொடியே உயிர் போகும். மாதாவைக் கும்பிட்டேனா, திட்டினேனா என்று இப்போது ஞாபகமில்லை.

தெருவே கரையில் நின்றபோது எங்கள் முற்றத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மீன் விற்கிற பக்கத்து வீட்டு அக்கா. மூட்டுவலியால் ஓட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வரிசையில் கடைசிப் பெட்டி மட்டும் மூடியிருந்தது அவர் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"கழுவுன பெட்டிய எவ மூடி வச்சா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் தூக்கியிருக்கிறார். அவர் போட்ட அலறல் கரை வரைக்கும் கேட்டது.

எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது. உள்ளே என் மகள் பொம்மையைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, உதடு வெளுத்து, கண் பாதி செருகியிருந்தது. வெளியே தூக்கி முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டவில்லை. காற்றுப் போகாத பெட்டி, இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செருப்பு முந்தின நாள் விளையாடும்போது விட்டுவந்ததாம். சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் மக்கா, அம்மா கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. பேசுனா பாப்பா முழிச்சிரும்லா."

அவள் பாப்பா என்றது கையிலிருந்த பொம்மையை.

கரடியைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தாள் என்று தெரிந்ததும், அதைத் தலையில் வைத்து ஆடிய அம்மாக்கள் மறுநாள் அதே கரடியை வண்டை வண்டையாகத் திட்டினார்கள். என் வீட்டுக்காரர் போனைச் சுவரில் அடிக்கப் போனார். பிடுங்கி வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்தக் கார்ட்டூனை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் கரடிக்குட்டி பொம்மைகளைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடியைச் சாத்திவிட்டு, உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்கிறது. அவ்வளவுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கரடி பெட்டிக்கு வெளியேதான் நிற்கிறது. இருட்டில் பொம்மை பயப்படுமே என்று கூடப் போய்ப் படுத்தவள் என் மகள். சின்னப் பெட்டியில் இரண்டு பேருக்கு இடமில்லை என்று, வாளியைக் கவிழ்த்து ஏறிப் பெரிய பெட்டிக்குள் இறங்கி, குச்சியைத் தட்டிவிட்டு மூடிக்கொண்டிருக்கிறாள்.

இப்போதும் அவள் கார்ட்டூன் பார்க்கிறாள். குழம்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு என்ன புரிந்தது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் நான் கூப்பிட்டு அவள் பதில் சொல்லத் தாமதமாகும் ஒவ்வொரு முறையும், அன்று என் பிள்ளை என் குரலைக் கேட்டுக்கொண்டே செத்துப்போயிருப்பாளே என்ற நினைப்பு வந்து, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவளைத் தேடி ஓடுகிறேன்.