முதல் தேதியை அழிக்காதீங்க

சங்கரன்கோவிலில் எங்கள் தறி ஷெட்டைக் கட்டிய காண்ட்ராக்டர், ஒவ்வொரு வேலையும் முடியும் தேதியைச் செங்கல் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். வேலை தள்ளிப்போனால் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி எழுதிவிடுவார்.

மழைக்காலம் வந்தும் கூரை போடவில்லை. கேட்டால், "ஒரு தேதியும் தப்பலையே தங்கச்சி, சொவத்தப் பாருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புதுசா எத்தனை தேதி வேணும்னாலும் எழுதுங்க அண்ணாச்சி. முதல்ல சொன்னத அழிச்சுட்டா, எவ்வளவு பிந்திட்டோம்னு எத வச்சுப் பாக்க?" என்று கத்திவிட்டு, எனக்கு மனப்பாடமாக இருந்த அந்த முதல் தேதிகளைச் சிவப்புப் பெயின்டால் அங்கேயே எழுதினேன்.

எதையும் நேரத்தில் முடிக்காத மனிதர், கூரையே இல்லாத ஷெட்டில் அந்தச் சுவரை மட்டும் மறுநாள் காலையிலேயே பூசி முடித்துவிட்டார்.

முதல் தேதி அவர் எனக்குத் தந்த வாக்கு. அதை மறைக்க அவர் யார்?

பூச்சு காயும்வரை பெயின்ட் டப்பாவோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.