பிலோமினா அக்கா கொளுத்திய திரி

மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி பஸ் ஊர்காவற்றுறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது மைத்துனர் அழைத்தார். "பிலோமினா அக்கா போயிட்டா" என்றார். "ஆர் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். அக்காவை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவன் அல்ல நான். அவருடைய மகளே சொன்னதாக மைத்துனர் சத்தியம் பண்ணிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் செபம் சொல்லி நடத்தியவர் அவர். அவரையும் நான் நெடுங்காலம் நம்பவில்லை. என் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். புதிய சபையொன்றுக்கு மாறிப் போயிருந்த அயலவர் ஒருவர், அவனுக்கு நரகம்தான், இனிச் செபித்துப் பயனில்லை என்றார். எங்கள் பங்குச் சுவாமியோ, கடவுளின் இரக்கத்துக்கு எல்லையில்லை என்றார். எங்கள் முகத்துக்காகச் சொல்கிறாரோ என்று அதையும் சந்தேகித்தேன். ஆளாளுக்கு ஒரு மறுவுலகம் வைத்திருந்தார்கள். தம்பி எதில் இருக்கிறான் என்று நான் நம்பும்படி ஒருவரும் சொல்லவில்லை.

தம்பியின் எட்டாம் நாள் செபம் முடிந்ததும் அக்காவைக் குசினி வாசலில் மறித்துக் கேட்டேன்.

"நரகம் இருக்கோ, இல்லையோ?"

"ஓம், இருக்கு. அதுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. உம்மட அயல்காரருக்கும் தெரியாது."

கோட்டில் வழக்காடுகிற நல்ல அப்புக்காத்துக் கதை என்று முணுமுணுத்தேன்.

நவம்பரில், மரித்தோர் நாளன்று, சேமக்காலையில் அவரவர் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். மோட்சம் போகுமுன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாக்களுக்கு அது உதவும். நரகத்தில் கிடப்பவனுக்கு எதற்கு? நான் கொளுத்தவில்லை. ஆனால் தம்பியின் கல்லறையில் ஒரு திரி எரிந்தது. யார் வேலை என்று அறிய அடுத்த வருடம் மதிலோரமாக ஒதுங்கி நின்றேன். அக்காதான். தன் கணவருக்குக் கொண்டுவந்த திரிகளில் ஒன்றை வைத்து, காற்றுக்கு அணையாதபடி ஒரு சிரட்டையால் மறைப்புக் கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ர தம்பிக்கு ஆக்கள் இல்லை எண்டு ஊருக்குக் காட்டுறியளோ?"

"இப்ப உமக்கு ஏலாது எண்டு தெரியும். உமக்கு ஏலுமட்டும் நான் கொளுத்திறன். பிறகு நீர் பாத்துக்கொள்ளும்."

அதன்பின் வருடந்தோறும் அவர் கொளுத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் மகளும் இப்போது அந்த அயலவரின் சபையில்தான் இருக்கிறார். அடக்கத்தன்று என்னிடம், "அம்மா நேர பரலோகம் போயிட்டா அண்ணை. திரி ஒண்டும் கொளுத்தத் தேவையில்லை" என்றார். என்ன உறுதி! நான் நம்பவில்லை. அக்காவே நம்பியிருக்க மாட்டார். அவர் ஒருவரையும் நரகத்தில் தள்ளியதில்லை; தனக்குப் பரலோகத்தில் கதிரை போட்டு வைத்ததுமில்லை.

இந்த நவம்பரில் அக்காவின் கல்லறை வெறுமையாகக் கிடந்தது. ஒரு திரியைக் கொளுத்திவைத்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பியின் கல்லறையிலும் ஒன்றுமில்லை. இனி அதைச் செய்ய அவர் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

என் சந்தேகம் இன்னும் போகவில்லை. திரியின் பலன் அவனிடம் போய்ச் சேருமோ, யார் கண்டது? மண்ணில் பாதி புதைந்து கிடந்த அந்தச் சிரட்டையைத் தட்டி எடுத்து, அதன் மறைவில் தம்பிக்கும் ஒரு திரி ஏற்றினேன். திரி எரிந்து முடிந்ததும் சிரட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த வருடமும் வேண்டும்.