ஏஜென்ட் குறைத்த ஐந்து வயது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் சின்ன அறையில் என் முறைக்காகக் காத்திருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழேயும் வேர்க்கிறது. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி, நோர்வேயிலிருந்து வந்தவர், மடித்து மடித்துக் கிழிந்த பிறப்புச் சான்றிதழை மேசையில் விரிக்கிறார்.

“என்ன தேவைக்கு, அன்ரி?” என்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

“நான் ஐஸிலை ஸ்கேட்டிங் ஓடுறனான், தம்பி. என்னை வெளியிலை அனுப்பின ஏஜென்ட் பாஸ்போட்டிலை அஞ்சு வயதைக் குறைச்சுப் போட்டான். அதின்படி எனக்கு அறுபத்தாறு. போன போட்டியிலை அந்த வயதுக்காரரோடை ஓடி நாலாவதா வந்தனான்.”

“உண்மையிலை?”

“எழுபத்தொண்டு. அந்த வயதுப் பிரிவிலை என்ரை நேரம்தான் றெக்கோட். பிறந்த திகதியை நிரூபிச்சாத்தான் பதிவினமாம்.”

சேலைக்குக் கீழே தெரியும் அவருடைய கால்களைப் பார்க்கிறேன். பனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் பேனையைக் கீழே வைக்கிறார். “இவ்வளவு காலமும் பொய் வயதிலை இருந்தனீங்கள் எண்டு அங்கை கேள்வி வருமே, அன்ரி?”

“வரட்டும். பதில் சொல்லுறன். ஆனா ஓடினது எழுபத்தொரு வயதுக்காரி. அவவுக்குத்தான் அந்த றெக்கோட்.”

மொழிபெயர்ப்பாளர் எழுதி முடித்து முத்திரையை எடுக்கிறார். பெண்மணி மேசையை நோக்கிக் குனிகிறார்.

“வடிவாக் குத்துங்கோ, தம்பி. ஆண்டு தெளிவாத் தெரியவேணும்.”