அடித்துணிக்குள் எழுதிய தேதி

கடையில் எல்லோரும் அவரைக் குஷன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சோபாவின் பழைய துணியைக் கிழித்து, ஸ்பிரிங் மாற்றி, புதுத்துணி இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற வேலை. மனைவியையும் ஒன்பது வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. பேச்சுத்துணைக்கு ஃபோன்தான்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். செய்முறைத் தேர்வில் ஒரு நாற்காலியைப் பிரித்து மறுபடி கட்டிக் காட்டினார், தேறிவிட்டார். ஆனால் ஐந்து வருட அனுபவத்துக்குச் சாட்சி வேண்டும். முதல் முதலாளி கடையை மூடிவிட்டுப் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. இப்போதைய கடையிலோ மூன்று வருடம்தான்.

"நீங்க வேலை பார்த்ததை யாராவது பார்த்திருப்பாங்களே?" என்றார் குடியேற்ற அலுவலர்.

யோசித்துப் பார்த்தார். பின்கட்டில் குனிந்து செய்த வேலையை யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இருக்கையின் அடிப்பக்கத்தை அடித்துணியால் மூடுமுன் உள்ளே மரச்சட்டத்தில் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுதுவது அவர் வழக்கம். யாரும் கேட்டு எழுதியதல்ல.

முன்பு வேலை செய்து கொடுத்த ஒரு பல் மருத்துவமனைக்குப் போனார்.

"பல்லுக்கா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"இல்லம்மா. நாற்காலிக்கு."

அவள் சிரித்துவிட்டாள். இவர் விஷயத்தைச் சொன்னதும் தானே ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்தாள். மூலையில் நாலு பின்னைப் பிடுங்கினார். பெயர் இருந்தது, ஏழு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்படி நாலு இடம் அலைந்தார். ஓரிடத்தில் சோபாவையே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

அனுமதி வந்தது. மனைவியை அழைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் என்றால் இருபத்தொரு வயதுக்குள் இருக்க வேண்டும். மகளுக்குப் போன மாதம்தான் இருபத்தொன்று முடிந்திருந்தது.

விஷயத்தை ஃபோனில் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டாள்: "நான் அங்க வந்துட்டா அவ இங்க தனியா இருக்கணும். எப்படிப் பார்த்தாலும் ஒருத்தர் தனியாத்தானேங்க இருக்கணும்?"

"அது நானே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பழகிப்போச்சு," என்றார்.

திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயமில்லாமல் அந்த வருடம் ஊருக்குப் போனார். மகள் அவரைவிட உயரமாகியிருந்தாள். முதல் இரண்டு நாள், விருந்தாளியிடம் கேட்பதுபோல, "காபி வேணுமாப்பா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று வாரத்தில் திரும்பிவிட்டார். பூட்டிக் கிடந்த அறையில் புழுக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தார். வந்து சேர்ந்ததைச் சொல்ல ஃபோனை எடுத்தார். அங்கே இந்நேரம் நடுராத்திரி, தூங்கியிருப்பார்கள் என்று வைத்துவிட்டார்.