ஓடை திரும்பும் இடத்தில் ஒரு வீடு

நானே நடந்து பார்த்தவற்றையும், ஒருமுறைக்கு மேல் சரிபார்த்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இதற்குக் காரணம் அச்சம். அச்சத்திற்குக் கோடு வரையும் பழக்கம் உண்டு. இரண்டு புள்ளிகள் கிடைத்தால் போதும், அது இடையில் ஒரு கோட்டை இழுத்துவிடும். மூன்றாவது புள்ளி தானே வந்து அதன்மேல் அமரும். அவ்வாறு வந்தமர்ந்தவற்றை நீக்கிவிட்டேன்.

படூரில் குடியிருந்துகொண்டு ஒரு கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளாகச் செங்கல்பட்டுப் பகுதியில் பாலாற்றோடு சேரும் ஓடைகளைப் பகுவல் வடிவியல் கொண்டு ஆராய்ந்து வருகிறேன். முழுமையின் சாயலைத் தன் சிறு பகுதியிலும் காட்டும் வடிவத்தைப் பகுவல் என்பர். ஆறு, கிளை, கிளையின் கிளை என்று பிரியும் நீர்வலை அத்தகையது. முறை எளியது. வரைபடத்தின்மேல் சதுரங்களை இட்டு, எத்தனை சதுரங்களின் வழியே ஓடைகள் செல்கின்றன என எண்ண வேண்டும். பிறகு சதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மீண்டும் எண்ண வேண்டும். நேர்கோடாயின் எண்ணிக்கை இரு மடங்காகும். தாள் முழுவதும் பரவிய மையாயின் நான்கு மடங்காகும். இயல்பாகக் கிளைத்த ஓடைகள் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும். ஓரிடத்தில் மட்டும் அளவு நேர்கோட்டின் பக்கம் சரிந்தால், அங்கே நீர் தன் விருப்பப்படி ஓடவில்லை என்று ஐயுறலாம். அடியில் பாறை பிளந்திருக்கலாம். பிளவின் இருபுறமும் நிலம் என்றோ நகர்ந்திருக்கலாம்.

படாளத்தை அடுத்த சில சதுரங்களில் அளவு அப்படிச் சரிந்தது. நான் உடனே நம்பவில்லை. இது ஏரிகளின் நாடு. ஏரிக்கு நீர் கொணரும் கால்வாயும், ஏரி நிறைந்தபின் வழிந்தோடும் வாய்க்காலும் மனிதர் வெட்டியவை. வரைபடமோ அவற்றையும் ஓடைகளையும் ஒரே நீலத்தில் காட்டுகிறது. ஆகவே ஒவ்வொன்றின் கரையிலும் நடந்தேன். வெட்டியது என்று உறுதியானவற்றை அழித்துவிட்டு மறுபடி எண்ணினேன். பிற இடங்களில் அளவு இயல்புக்குத் திரும்பியது. அங்கே திரும்பவில்லை. ஓர் ஓடை வளைந்து வளைந்து வந்து, சட்டெனத் திரும்பி, பாலாற்றை நோக்கி நேராகச் சென்றது. அந்த ஒன்றை மட்டும், வெட்டியதா இயல்பானதா என்று, என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினேன். ஓடை திரும்பும் இடத்தில் செங்கல் அடுக்கும், அதன்மேல் போர்த்திய தார்ப்பாயும் தெரிந்தன. அது என் அண்ணனின் மனை. சரக்கு வண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தில், நான் அந்தக் கரையில் நடந்து முடித்தபின் வாங்கியது.

மாமல்லபுரத்துக் குன்றில் பாறையை இரண்டாக்கும் நேரான வெடிப்புகளை மாணவருக்குக் காட்டியிருக்கிறேன்; உள்ளே விரலை விட்டும் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது பாடம். இப்போது படத்தை மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன்.

கடைக்கால் தோண்டும் நாளில் படாளம் சென்றேன். பள்ளத்தின் ஒருபுறம் கடப்பாறை பட்டுத் தெறிக்கும் கருங்கல். மறுபுறம் காலடி பதியும் களி. இரண்டும் சந்தித்த கோடு, ஓடை சென்ற அதே திசையில், மனையைக் குறுக்காக வெட்டிச் சென்றது.

"இன்னா டீச்சரம்மா, இப்டி உத்துப் பாக்குறீங்க? பொதையலு கீதா?" என்றார் மேஸ்திரி. "பாதி வூடு மலைல, பாதி வூடு சேத்துல. உங்கண்ணன் ஒரே மனைல ரெண்டு வூடு கட்றாரு."

"யோவ், அதுக்காக ரெண்டு கூலி கேக்காத" என்று சிரித்த அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இன்னாடி? சொல்லு."

"அடில பாறை பொளந்திருக்கலாம்ணா."

"இருக்கலாம்னா? பொளந்து கீதா, இல்லியா?"

"தெரியாதுண்ணா. யாராச்சும் பழைய வாய்க்காலத் தூத்திருந்தாலும் இப்டித்தான் தெரியும்."

"பொளந்தே கீதுன்னு வச்சுக்கோ. ஆடுமா?"

"அதுவும் தெரியாது. ஆடாமலே போலாம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்காடி இம்மாம் படிப்பு படிச்ச?"

அவர் கேட்டது நியாயமே. எங்கள் பாறை மிகப் பழையது. பிளவு இருந்தாலும் அது ஓய்ந்து போனதாக இருக்கலாம். கல்லும் களியும் ஒன்றுபோல் சுமை தாங்கா என்பதே அருகிலிருந்த ஆபத்து. அதற்காகப் பொறியாளர் அடித்தளத்தில் கூடுதல் கம்பி சேர்க்கச் சொன்னார். வீட்டைக் கோட்டிலிருந்து நகர்த்தவும் இயலாது. ஒருபுறம் ஓடை, மறுபுறம் அடுத்தவர் சுவர்.

பள்ளத்தின் கரையில் நின்றிருந்த அண்ணி, வீட்டின் வரைபடத்தை என் கையில் கொடுத்தார். "புள்ளைங்க ரூமு எந்தாண்ட வருது?"

களியின் பக்கம் வந்தது. விரலால் காட்டினேன்.

"அத்தக் கல்லு மேல வையி. சமயக்கட்டு இங்க வரட்டும்."

"சமயக்கட்டு அக்கினி மூலைல இருக்கணும்டி" என்றார் அண்ணன்.

"மூல பெரிசா, புள்ளைங்க பெரிசா?"

"அப்ப நீங்க அண்ணி? நாள் முச்சூடும் அங்கதான நிப்பீங்க?" என்றேன்.

"நா முழிச்சுக்கினு தான நிக்கப்போறேன்? ஆடுச்சுன்னா ஓடிப் பூடுவேன். தூங்குற புள்ளைங்க ஓடுமா?" என்று கூறிச் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். நான் பள்ளத்திலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு அவ்வாறே எழுந்தது. பிள்ளைகள் கல்லின்மேல் உறங்குகின்றனர். சென்ற மழைக்குப் பின் சமையலறைச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றியது. அண்ணி அதன்மேல் நாட்காட்டியை மாட்டிவிட்டார். நான் போகும்போதெல்லாம், அவர் அடுப்பின் பக்கம் திரும்பியிருக்கையில், அதைத் தூக்கிப் பார்க்கிறேன். அவருக்கு அது தெரியும். "வளந்துச்சா?" என்று முகத்தைத் திருப்பாமலே கேட்பார். இல்லை என்பேன். இதுவரை அது உண்மை.

அந்த வெடிப்பு, பூச்சு காய்ந்ததால் உண்டானதா, களி சுருங்கியதால் உண்டானதா, அடியில் பாறை நகர்ந்ததால் உண்டானதா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஓடையை நேராக ஓடச் செய்தது மண்வெட்டியா, நிலமா என்பதும் தெரியாது.